மீன் வாங்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

என் மனைவிக்குக் கடல் மீன் மேல் ஆசை வராமல் இருந்திருந்தால் நான் சைக்கிள் பக்கமே போயிருக்க மாட்டேன். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. உடம்பு என்றால் அப்படி ஓர் உடம்பு. நாற்காலியில் உட்கார்ந்தால் கைப்பிடிகள் இரண்டு பக்கமும் இடுப்பில் பதியும். பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நானும் இன்னொருவரும்தான் உட்கார முடியும். ஸ்டேஷன் மேம்பாலப் படியில் பாதி ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரயில் பார்ப்பவன் மாதிரி நிற்பேன். ரயிலாவது ஒன்றாவது, மூச்சுக்காகத்தான் நிற்பேன்.

அவள் ஒல்லி. தெருவில் எங்களுக்குப் ‘பத்து’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் ஒன்று, நான் சைபர். அவளுக்கும் அது தெரியும், அவளே சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அதனாலோ என்னவோ, ஊட்டுவதற்கு வைத்திருந்ததையெல்லாம் எனக்கே போட்டாள். சாயங்காலம் நான் வரும் நேரத்துக்கு வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் மிதக்கும். ராத்திரி உருளைக்கிழங்கு ரோஸ்ட். அப்பளம் பொரிக்காத நாளே கிடையாது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நிற்பாள். தனக்கு என்று ஒரு கை எடுத்து வைத்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒரு மார்கழியில் அவளுக்கு இருமல் வந்தது. பனியால் என்று நினைத்தோம். தை பிறந்தும் போகவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. ஒரு நாள் முந்தானையில் வாயைத் துடைத்தவள் அதை மடித்து மறைத்தாள். நான் கையைப் பிடித்துப் பிரித்துப் பார்த்தேன். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்றோம்.

காசநோய் என்றார் டாக்டர். சின்ன வயதுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். “பயப்படாதீங்க. ஊசி இருக்கு, மாத்திரை இருக்கு. ஆனா உடம்பு தேறணும். முட்டை, பால், மீன். நல்லா சாப்பிடணும். எடை ஏறுதான்னுதான் நான் பார்ப்பேன்” என்றார். தட்டும் டம்ளரும் தனியாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த டாக்டரின் அறை மூலையில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. இரும்புத் தட்டில் ஏறி நின்றால் முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும். நர்ஸ் படித்துச் சொல்வார், டாக்டர் எழுதுவார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் படியில் கால் வைப்பதுபோல ஏறுவாள். முள் நின்றதும் டாக்டரின் முகத்தைத்தான் பார்ப்பாள். போன முறையைவிட இறங்கியிருந்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் எழுதுவார். அந்த மௌனம் அவளை அடுத்த முறை வரைக்கும் விடாது.

ஒரு தடவை அங்கிருந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, “சார், நீங்களும் ஏறுங்களேன், மெஷின் தாங்குதான்னு பார்ப்போம்” என்றார். நானும் விளையாட்டாகச் செருப்பைக் கழற்றினேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வேணாங்க. நீங்க ஏறாதீங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது கேட்டேன், ஏன் என்று.

“எனக்கு நம்பர் ஏறணும்னு உசிரு போவுது. உங்களுக்கு அது எறங்கணும். ரெண்டு பேரும் ஒரே மெஷின்ல நின்னு அழணுமா? நம்ம வூட்டுக்கு ஒரு நம்பர் போதும். நீங்க சத்தியம் பண்ணுங்க, அதுல ஏற மாட்டேன்னு.”

பண்ணினேன். அன்று எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

வீட்டில் முதலில் நின்றது எண்ணெய்ச் சட்டி. தாளிக்கிற புகை பட்டாலே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டு உடம்பை உலுக்கியது. அதனால் பொரிப்பது, வறுப்பது எல்லாம் போயிற்று. அடுப்படி என் கைக்கு வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் குழைந்த சோறு, பருப்பு, வேகவைத்த காய். கீரை ஆய்ந்து வைத்தால் அவள் படுத்தபடியே, “தண்டை இன்னும் கிள்ளுங்க” என்பாள். அலுவலகத்தில் நாலு மணிக்கு எல்லோரும் எதிர்க் கடைக்கு பஜ்ஜி தின்னப் போவார்கள். நான் வீட்டுக்கு ஓடிவிடுவேன். அவளுக்குக் காய்ச்சல் ஏறுகிற நேரம் அது.

அவளைச் சாப்பிட வைப்பதுதான் பெரும்பாடு. ரெண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு நாள் கோபத்தில் நானும் என் தட்டைத் தள்ளி வைத்தேன். “நீ எத்தனை வாய் சாப்பிடறியோ அத்தனை வாய்தான் நானும்” என்றேன். சும்மா சொல்கிறேன் என்று நினைத்தாள். நான் அப்படியே எழுந்து கை கழுவினேன். ராத்திரி வயிறு கூவியது. அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். மறுநாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். பிறகு இன்னொன்று. “போதுமா? இப்போ நீங்க சாப்பிடுங்க.” அப்படியே அது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தமாகிவிட்டது. எனக்குப் பசிக்குமே என்று அவள் சாப்பிட்டாள். அவள் சாப்பிட வேண்டுமே என்று நான் பசியோடு இருந்தேன்.

இருமல் என்றதும் அக்கம்பக்கம் விலகிக்கொண்டது. அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தன. சொந்தக்காரர்கள் தெருமுனைவரை வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். ஆக, நாங்கள் இரண்டு பேரும்தான்.

அப்படி ஒரு மத்தியானம், கண்ணை மூடிப் படுத்திருந்தவள் சொன்னாள்: “கடல் மீன் குழம்பு சாப்பிடணும்போல இருக்குங்க. அன்னிக்குப் புடிச்ச மீனு.”

அவள் பிறந்து வளர்ந்தது கடலோரம், சதுரங்கப்பட்டினத்துப் பக்கம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் போன பிறகு அங்கே யாரும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஏரி மீனைத்தான் சமைத்தாள், ஒரு தடவையும் குறை சொன்னதில்லை. மார்க்கெட்டில் ஐஸ் போட்டு வரும் கடல் மீனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மகாபலிபுரம் போனேன். குப்பத்தில் மீன் வாங்கி, ஒயர் கூடையில் வைத்து, மேலே ஈரத்துணி போட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டி முன்னால் இருந்தவரின் வேட்டியில் இறங்கியது. சத்தம் போட்டார்கள். கண்டக்டர் விசில் ஊதி, “சார், மீனோட ஏறினா எப்படி சார், எறங்குங்க” என்றார். திருக்கழுக்குன்றத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டார். அடுத்த பஸ்ஸிலும் ஏற்றவில்லை. வெயிலில் நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடியும் நடந்தேன். கடைசியில் ஒரு கட்டை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியபோது கண்ணில் நீர் இருந்தது. எது எதனால் என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுப் பின்பக்கம் என் அப்பாவின் சைக்கிள் சுவரில் சாத்திக் கிடந்தது. கல்யாணமான புதிதில் அதில் ஏறியபோது நடுத்தெருவில் டியூப் வெடித்துத் தெருவே சிரித்தது. அன்றோடு விட்டவன். அதைத் தள்ளிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் சைக்கிளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், நீங்களா ஓட்டப் போறீங்க?”

“ஆமா.”

“எது வரிக்கும்?”

“மகாபலிபுரம்.”

பின் டயரை அழுத்திப் பார்த்தார். “பின்னாடி வீலுக்குத் தடி ஸ்போக்ஸ் போட்டுத் தரேன் சார். சீட்டுக்கு டபுள் ஸ்பிரிங்கு. மீதிய நீங்கதான் பாத்துக்கணும்” என்றார்.

முதல் ஞாயிறு ஊர் எல்லையைத் தாண்டி, சாலையோரம் புளியமரங்கள் நெருங்கி நிற்கும் இடம்வரைதான் போனேன். கண் இருட்டியது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு மரத்தடியில் மல்லாந்து படுத்தேன். கல்பாக்கத்துக்கு ஜல்லி ஏற்றிப் போன லாரி ஒன்று நின்று, டிரைவர் எட்டிப் பார்த்து, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று தெரிந்ததும் போனார். வெறுங்கூடையோடு திரும்பினேன்.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எது வரைக்கும் போனீங்க?”

“புளியமரம் வரைக்கும்.”

“எந்தப் புளியமரம்? கிணறு இருக்குமே, அதுக்கு இந்தாண்டயா அந்தாண்டயா?”

“இந்தாண்ட.”

“அடுத்த வாரம் கிணத்தைத் தாண்டிடுவீங்க” என்றாள். அந்தச் சாலை அவளுக்கு மனப்பாடம். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு எத்தனையோ தடவை பஸ்ஸில் வந்து போன பாதை.

அப்படித்தான் நாங்கள் அளந்தோம். கிணறு. அப்புறம் மலை முதலில் கண்ணில் படும் திருப்பம். அப்புறம் திருக்கழுக்குன்றத்துக் குளக்கரை. வாரநாட்களில் காலையில் ஏரிக்கரை வரை ஓட்டிப் பழகினேன். அலுவலகத்துக்கும் அதிலேயே போனேன். கோடைக்குள் ஒரு ஞாயிறு, சவுக்குத் தோப்புகளையும் கால்வாய்ப் பாலத்தையும் தாண்டிக் கடல் காற்று முகத்தில் அடித்தது. சைக்கிளைவிட்டு இறங்கினால் கால்கள் என்னுடையவையாக இல்லை. மணலில் சைக்கிளோடு விழுந்தேன்.

கரையில் மீன் கூறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்து, நெடுநெடுவென்று, இடுப்பில் சுருக்குப்பையோடு.

“இன்னா நைனா, மீனு வாங்க வந்தியா, மூச்சு வாங்க வந்தியா?”

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். நானும் படுத்தபடியே சிரித்தேன். செங்கல்பட்டிலிருந்து சைக்கிளில் வருகிறேன் என்றதும் அவள் நம்பவில்லை. சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்தாள். யாருக்கு மீன் என்று கேட்டாள். சொன்னேன். என்ன நோய் என்பதையும் சொன்னேன். அங்கே அதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் ஒரு அடிகூடப் பின்னால் போகவில்லை. நான் கையில் எடுத்த மீனை வாங்கித் திரும்பக் கூறில் போட்டாள்.

“ஒடம்பு சொகமில்லாத பொண்ணுக்கு இத்தப் போயி எடுக்கறியே. இது சூடு. கெழங்கான் எட்த்துனு போ. முள்ளு கம்மி, வயித்துக்கும் ஒண்ணும் பண்ணாது.” மீனைக் குடல் எடுத்து, உப்புத் தடவி, வாழை இலையில் சுற்றி, நனைத்த சாக்கில் பொதிந்து கேரியரில் கட்டினாள். “எங்கியும் நிக்காத போ. வெயில் ஏறதுக்குள்ள வூட்டுக்குப் போய்ச் சேரு.”

அன்று என் மனைவி எழுந்துவந்து அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து, நான் வைத்த குழம்புக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். புளி எவ்வளவு, மீன் எப்போது. முள்ளை உறிஞ்சி எடுத்துத் தட்டோரத்தில் வரிசையாக வைத்தாள். சோறு மறுபடியும் கேட்டாள். எங்கள் ஒப்பந்தப்படி அன்று நானும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரைதான். அந்த மீன்கார அக்காவும் என் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் என் வாய் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். “தங்கச்சி போன வாரம் துன்னுச்சா? வாந்தி கீந்தி எடுக்கலியே?” என்று அக்கா கேட்பாள். “அக்காகிட்ட சொல்லுங்க, காரப்பொடி மீனு கெடச்சா வைக்கச் சொல்லுங்க. சின்ன வயசுல தின்னது” என்று இவள் சொல்லியனுப்புவாள். ஒரு தடவை இவள் ஒரு ஜாடி நிறைய எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அக்கா அதை மோந்து பார்த்துவிட்டு, “இத்த நானு எங்கூட்டுக்காரருக்குக் குடுக்க மாட்டேன், மறச்சு வெச்சுக்கினு நானே துன்னுவேன்” என்றாள். அவளுடைய புருஷனும் பிள்ளைகளும் கட்டுமரத்தில் போகிறவர்கள். அந்த ஊறுகாய்ப் பேச்சை நான் வந்து சொன்னபோது இவள் அந்த வாரம் முழுவதும் நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

சத்தியம் பண்ணியபடி மெஷினில் ஏறாததால், நடுவில் என் உடம்பு என்ன ஆயிற்று என்பதை நான் கவனிக்கவே இல்லை. கவனித்தது அவள்தான். ஒரு நாள் சட்டை மாட்டும்போது, “திரும்புங்க” என்றாள். திரும்பினேன். “இது உங்க சட்டை இல்ல. யாரோடதோ போட்டுக்கினு வந்துட்டீங்க” என்றாள். அன்றிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து என் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே மடித்துத் தைத்தாள். கொஞ்சம் தைப்பாள், படுப்பாள், மறுபடியும் எழுந்து தைப்பாள். மேம்பாலத்தில் நான் ஒரு நாள் நிற்காமல் ஏறிவிட்டேன். மேலே போன பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. ஓடிவந்து அவளிடம் சொன்னேன். “ரயில் பாக்கலியா?” என்றாள்.

அலுவலகத்தில் எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். “என்ன சார், என்ன மருந்து? எங்களுக்கும் சொல்லுங்க.” கைகொடுத்தார்கள். ஒருவர் தோளில் தட்டி, “மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க” என்றார். எனக்கு எப்படிச் சிரிப்பது என்று தெரியவில்லை. என் கல்யாண மோதிரம் விரலில் நிற்கவில்லை, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அதே வாரம் அவளுடைய கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்குவதைப் பார்த்தேன். என்னை வழியில் நிறுத்திப் பாராட்டினார்கள். அவளைப் பார்த்தவர்கள் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நல்ல காலம் வந்தது. காய்ச்சல் விட்டது. மெஷினில் ஏறி நின்றபோது டாக்டர் தலை நிமிர்ந்து சிரித்தார். அன்று ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கேரியரில் உட்கார வைத்து ஏரிக்கரை வழியாகக் கூட்டிவந்தேன். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏரியில் தண்ணீர் குறைந்து கொக்குகள் நின்றன. “மாசி மகத்துக்கு என்னைக் கடலுக்குக் கூட்டிக்கினு போறீங்களா? இப்படியே சைக்கிள்ல?” என்றாள். “நீ ஒரு சுத்து தேறணும்” என்றேன். “நான் தேறுவேன். நீங்க மூச்சு வாங்காம மிதிக்கணும்” என்றாள்.

அக்காவிடம் சொன்னபோது கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு எழுந்தாள். “இட்டாந்துடு நைனா. எங்கூட்லதான் தங்கணும். கூடவே நின்னு நானே அத்தத் தல முழுவ வெக்கிறேன்.”

ஐப்பசியில் மழை பிடித்தது. மழையோடு காய்ச்சலும் திரும்பி வந்தது. பழைய மருந்து கேட்கவில்லை என்றார் டாக்டர். வேறு மருந்து எழுதினார். அவள் ஆஸ்பத்திரியிலேயே தங்கும்படி ஆயிற்று. கடல் கொந்தளிப்பில் கட்டுமரம் இறங்கவில்லை. ஆனாலும் நான் போனேன். மழையில் நனைந்துகொண்டே போய் நின்றபோது அக்கா குடிசைக்குள் கூப்பிட்டுத் துண்டு கொடுத்தாள். மீன் இல்லை. நெத்திலிக் கருவாடு கொஞ்சம் கட்டிக் கொடுத்து, “வாயில வெக்காட்டியும் போவுது, மோந்து பாக்கட்டும்” என்றாள். வார்டில் அந்தப் பொட்டலத்தை முகத்தருகே வைத்துக்கொண்டு அவள் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி முகம் சுளித்தாள். “கொஞ்ச நேரம் பொறுத்துக்குங்க அக்கா” என்று இவள் கேட்டுக்கொண்டாள்.

அப்போதெல்லாம் அவளால் ஒரு வாய்கூட முடியவில்லை. எங்கள் ஒப்பந்தத்தை அவளே முறித்தாள். “நான் சாப்பிடலேன்னு நீங்க பட்டினி கெடக்காதீங்க. இனிமே நீங்க உங்களுக்காகச் சாப்பிடணும்.”

“நீ பேசாம இரு.”

“சொல்றதைக் கேளுங்க. என்னைப் பாக்க வராதவங்க எல்லாம் அப்புறம் வருவாங்க. அவங்க சொல்றதையெல்லாம் காதுல போட்டுக்காதீங்க.”

ஒரு புதன்கிழமை காலை. மழை விட்டு ஜன்னல் வழியே வெளிச்சம் கட்டில்மேல் விழுந்திருந்தது. வெந்நீரில் துணி நனைத்து அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். “மழை நின்னுடுச்சா?” என்றாள். நின்றுவிட்டது என்றேன். கழுத்தைத் துடைக்க நிமிர்த்தியபோது தலை என் கையில் பாரமாக விழுந்தது. அவளிடம் அவ்வளவு பாரம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நர்ஸ் வந்து என் கையிலிருந்து துணியை வாங்கிக்கொண்டார்.

அவள் சொன்னபடியே எல்லோரும் வந்தார்கள். தெருமுனைவரை வந்தவர்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். என்னைப் பார்த்ததும் அதிர்ந்துபோனார்கள். “எப்படி இருந்த மனுஷன்! பொண்டாட்டி கவலையிலயே உருகிப் போயிட்டானே” என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். என் பெரியம்மா என் கன்னத்தைத் தடவி அழுதாள். துக்கத்தில் கரைந்த உடம்பல்ல அது. காற்றில் மிதித்து, கடலைப் பார்த்து, அவள் ஒரு வாய் அதிகம் தின்ற சந்தோஷத்தில் திரும்பி வந்த உடம்பு. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் தைத்த சட்டைக்குள் இருந்த உடம்பு. அதை அங்கே யாரிடம் சொல்வது? தலையாட்டிக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறான் என்று அதற்கும் ஒரு பேச்சு.

காரியம் முடிந்து எல்லோரும் போனார்கள். சைக்கிளைப் பின்பக்கம் சாத்தினேன். அலுவலகத்துக்கு நடந்துதான் போனேன். நாலு மணிக்கு எல்லோரோடும் எதிர்க் கடைக்குப் போய் பஜ்ஜி தின்றேன். ருசி எதுவும் தெரியவில்லை, ஆனால் நிறுத்தத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தால் அடுப்பு மூட்ட மனம் வராது. ஹோட்டலில் பரோட்டா கட்டி வாங்கிவந்து, விளக்குப் போடாமல் உட்கார்ந்து தின்பேன். சட்டைகள் இழுத்துப் பிடித்தன. ஒரு நாள் அவள் தைத்த இடத்தில் தையல் விட்டது. விட்ட நூலைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் அக்காவின் நினைவு வந்தது. அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? மழை விட்டு, கட்டுமரங்கள் மறுபடியும் போக ஆரம்பித்திருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கூறு ஒதுக்கி வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்தேன். கிணற்றடி வருவதற்குள்ளேயே மூச்சு இரைத்தது. இறங்கித் தள்ளினேன். திருக்கழுக்குன்றத்தில் குளக்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், திரும்பிவிடலாமா என்று. எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தேன். ஒன்றும் நிற்கவில்லை. கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது.

அக்கா தூரத்திலேயே பார்த்துவிட்டுக் கத்தினாள். “இன்னா நைனா, எத்தினி வாரமா ஆளயே காணோம்! தங்கச்சி எப்டி கீது? காரப்பொடி வெச்சு வெச்சு…”

கிட்டே வந்தவள் நின்றுவிட்டாள். நான் கூடை கொண்டுபோகவில்லை. கேரியர் வெறுமையாக இருந்தது. அவள் கேரியரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். நான் கோத்துவைத்திருந்த எதையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“எப்போ?” என்றாள்.

“ஐப்பசி கடைசியில.”

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள். பிறகு தலை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்: “அது பேரு இன்னா நைனா?”

அத்தனை ஞாயிறுகளிலும் நாங்கள் அவள் பேரைச் சொன்னதே இல்லை. எனக்கு அவள் ‘வீட்டுல’, அக்காவுக்கு ‘தங்கச்சி’. பேரைச் சொன்னேன். அவள் போன பிறகு என் வாயால் அந்தப் பேரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்கா மார்பில் அறைந்துகொண்டு, அந்தப் பேரைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். “மொகம் பாக்கல, கை தொடல, மீனு குடுத்தே ஒறவானேனே… ஊறுகா ஜாடியத் திருப்பித் தரலியே என் ராசாத்தி… மாசி மகத்துக்கு வரேன்னியே, மழையோட போயிட்டியே…” கூறு கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். யார், என்ன என்று இரண்டொருவர் கேட்டார்கள். மற்றவர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்து, அவர்களும் அந்தப் பேரைச் சொல்லி அழுதார்கள். ஊரில் நெருங்கவே பயந்தார்கள். இங்கே அவளைப் பார்த்தே இராதவர்கள் அவள் பேரைச் சொல்லி மணலில் புரண்டார்கள். நான் சைக்கிளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டு அழுதேன். யாரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதுதான் நல்லதாக இருந்தது.

பிறகு அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னைக் குடிசைக்குக் கூட்டிப்போனாள். கஞ்சியும் சுட்ட மீனும் வைத்தாள். அவளுடைய புருஷன் ஒரு பக்கம் வலையைப் போட்டுவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எழவில்லை.

கிளம்பும்போது அக்கா மீனை இலையில் சுற்றினாள்.

“வேணாங்க அக்கா. இனிமே யாருக்கு?”

“யாருக்கா? உனுக்குத்தான். நீ துன்ன மாட்டியா? அது மட்டும்தான் மனுஷியா, நீ மனுசன் இல்லியா?” கயிற்றை இறுக்கிக் கட்டினாள். “எங்கியும் நிக்காத போ.”

திரும்புகிற வழியில் நிற்காமல் மிதிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. இரண்டு இடத்தில் இறங்கினேன். வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னல்களைத் திறந்தேன். ஸ்டவ்வைப் பற்ற வைத்துப் புளி கரைத்தேன். எவ்வளவு என்று கேட்க ஆள் இல்லாததால் புளிப்பு தூக்கலாகிவிட்டது. மீன் உடைந்துபோயிற்று. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வாய் வைத்ததும் எதிரே பார்த்தேன். பிறகு பசித்த அளவுக்குச் சாப்பிட்டேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. உடம்பெல்லாம் வலி. அதற்கடுத்த ஞாயிறு போனேன்.